ஆம்பிளிபயருக்குக் குரல் உண்டா?

வீட்டில் உட்கார்ந்து சங்கீதம் கேட்பதற்காக லட்சக்கணக்கில் பணம் செலவழிப்பவர்கள் உலகம் முழுவதும் இருக்கிறார்கள். அவர்களுக்கென்று தனிப் பத்திரிகைகள் உண்டு. அந்தப் பத்திரிகைகளில் விமரிசகர்கள் உண்டு. அந்த விமரிசகர்களுக்கென்று ஒரு பாஷையும் உண்டு. அந்த எழுத்தை நான் சில வருஷங்களாக விடாமல் படித்து வருகிறேன். சாமான் வாங்குகிற உத்தேசத்தில் அல்ல. விமரிசனம் என்ற பெயரில் இலக்கியத்தில் நாம் செய்துகொண்டிருப்பதைப் பார்த்துக்கொள்ள அதைவிட நல்ல கண்ணாடி எனக்குக் கிடைக்கவில்லை.

அவர்கள் அதிகமாகச் சண்டை போடுவது ஆம்பிளிபயரைப் பற்றி. இது சற்று வேடிக்கையான விஷயம். ஸ்பீக்கருக்குக் குரல் உண்டு என்பதை யாரும் மறுக்க மாட்டார்கள். காகிதமும் காந்தமும் மரப்பெட்டியும் சேர்ந்த அந்த வஸ்து அசைந்தால்தான் சப்தம். அசைகிற எதற்கும் தன் சுபாவம் என்று ஒன்று இருக்கத்தான் செய்யும். இசைத்தட்டின் மேல் ஓடுகிற முள்ளுக்கும் அப்படித்தான். நடுவில் இருக்கிற ஆம்பிளிபயர் அசைவதே இல்லை. மெலிந்து வருகிற மின்சார அலையை வாங்கிக்கொண்டு, அதன் வடிவத்தை மாற்றாமல் பருமனை மட்டும் பெருக்கி, ஸ்பீக்கரைத் தள்ளுகிற பலத்தோடு அனுப்ப வேண்டியது அதன் உத்தியோகம். சபையில் முகம் காட்ட வேண்டிய அவசியம் இல்லாத உத்தியோகம். அப்படியிருக்க, ‘இதன் சாரீரம் வெல்வெட்டு மாதிரி’, ‘இதன் மௌனம் கரிய மௌனம்’ என்றெல்லாம் பக்கம் பக்கமாக எழுதுகிறார்களே, அவர்கள் எதைக் கேட்டு எழுதுகிறார்கள்?

இந்த உத்தியோகத்தை மிகவும் கறாராக வரையறுத்தவர் பீட்டர் வாக்கர். 1936ல் ஒரு சிறு கம்பெனியை ஆரம்பித்து, பிறகு ஹன்டிங்டன் என்ற ஆங்கிலேயச் சிற்றூருக்குக் குடிபோய், க்வாட் என்ற பெயரில் ஆம்பிளிபயர்களைச் செய்தவர். 2003ல் காலமானார். நல்ல ஆம்பிளிபயர் என்பது ஒரு நேரான கம்பி, கூடவே பெருக்கம், அதற்குமேல் ஒன்றும் இல்லை என்பது அவர் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுகிற கட்சி. 1953ல் அவர் வெளியிட்ட க்வாட் இரண்டாவது மாடல், இரண்டு கே.டி. 66 வால்வுகளை வைத்துக்கொண்டு 15 வாட் கொடுத்தது. 1967ல் டிரான்ஸிஸ்டரில் செய்த 303. 1975ல் வந்த 405, சானலுக்கு 100 வாட்.

இந்த 405ன் யுக்தி அழகானது. ஸ்பீக்கருக்கு நிறைய கரண்ட் கொடுக்க முரட்டு டிரான்ஸிஸ்டர்கள் வேண்டும். முரடர்கள் சுத்தமாக வேலை செய்ய மாட்டார்கள். வாக்கர் என்ன செய்தார் என்றால், மூட்டை தூக்க முரடர்களை வைத்தார். பக்கத்தில் பலம் குறைந்த, ஆனால் கணக்குத் தப்பாத ஒரு சிறு ஆம்பிளிபயரை உட்கார வைத்தார். முரடர்கள் எங்கே எவ்வளவு குறை வைக்கிறார்களோ அவ்வளவையும் அந்தக் கணக்குப்பிள்ளை ஈடு கட்டிவிடும். இதற்காக 1978ல் அவருடைய கம்பெனிக்கு இங்கிலாந்து ராணியின் விருது கிடைத்தது. தாம் செய்த வால்வு ஆம்பிளிபயரை விற்பனைக்கு அனுப்புகிற வரையில் காதால் கேட்டுப் பார்த்ததே இல்லை என்றும் அவர் சொல்லியிருக்கிறார். பத்திரிகைக்காரர்களுக்கு இது எவ்வளவு ஆத்திரத்தை மூட்டியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். தான் எழுதிய நாவலைப் படித்துப் பார்க்காமலே அச்சுக்கு அனுப்பினேன் என்று ஒருவர் சொன்னால் நாம் என்ன சொல்வோம்? ஆனால் வாக்கர் தம்மை ஆசிரியராக நினைக்கவில்லை. தபால்காரராக நினைத்தார்.

தபால்காரராக இருப்பது சுலபம் அல்ல. வால்வானாலும் டிரான்ஸிஸ்டரானாலும் அலையைப் பெருக்கும்போது கொஞ்சம் கோணலாக்கியே பெருக்கும். இதற்குப் பரிகாரம் கண்டவர் பெல் ஆராய்ச்சிக்கூடத்தைச் சேர்ந்த ஹாரல்ட் பிளாக். 1927 ஆகஸ்டு 2ந் தேதி காலை, ஹட்ஸன் நதியைப் படகில் கடந்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்தபோது யோசனை பளிச்சிட்டதாம்; கையிலிருந்த நியூயார்க் டைம்ஸின் ஒரு பக்கத்திலேயே படம் போட்டுவிட்டார். வெளியே போகிற அலையில் ஒரு துளியைத் திருப்பிக் கொண்டுவந்து, உள்ளே வருகிற அலையோடு ஒப்பிட்டு, வித்தியாசத்தைக் கழித்துவிடுவது. அச்சான காலியைக் கையெழுத்துப் பிரதியோடு வைத்துப் பார்த்துப் பிழை திருத்துகிற ப்ரூப் ரீடரின் வேலைதான். 1947ல் வில்லியம்ஸன் என்பவர் ‘வயர்லெஸ் வோர்ல்ட்’ பத்திரிகையில் இந்த முறையை வைத்து ஒரு 15 வாட் ஆம்பிளிபயரை வரைந்து காட்டினார். வீட்டு சங்கீதத்தில் அது முதல் புது யுகம் என்று சொல்லலாம்.

பின்னால் டிரான்ஸிஸ்டர்கள் வந்தபோது இந்தப் ப்ரூப் ரீடரையே நம்பிக் கையெழுத்தை மோசமாக்கிக்கொண்டவர்கள் உண்டு. கோணல் சதவிகிதத்தில் புள்ளிக்குப் பிறகு எத்தனை பூஜ்யம் என்பது விளம்பரப் போட்டி ஆயிற்று. திருத்தம் தாமதமாக வந்தால் திடீரென்று எழுகிற ஸ்வரங்களில் புதிய கோணல் ஒன்று தோன்றும் என்று பின்லாந்தின் மாட்டி ஓடாலா 1970ல் எழுதினார். அன்று முதல் அளவுகோலை நம்பாதவர்களுக்குக் கொண்டாட்டம்.

அவர்களுடைய கட்சியிலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஆரம்ப காலத்து டிரான்ஸிஸ்டர் ஆம்பிளிபயர்கள் காதை அறுத்தன என்பது வாஸ்தவம். அலையின் மேல்பாதியை ஒரு டிரான்ஸிஸ்டரும் கீழ்ப்பாதியை இன்னொன்றும் சுமக்கும். தோள் மாற்றுகிற இடத்தில் ஒரு சின்னத் தடுக்கல். பெரிய சப்தத்தில் அது தெரியாது. மெல்லிய சப்தத்தில் அலையே சின்னதாக இருப்பதால் தடுக்கல்தான் பெரிதாகத் தெரியும். பல்லக்கு தூக்குகிறவர்கள் ஓடும்போது குலுக்குவதைப் பொறுத்துக்கொள்ளலாம். நின்று நிதானிக்கும்போது குலுக்கினால்? இதைத் தவிர்க்க இரண்டு பேரையும் எப்போதும் முழுத் தோளும் கொடுத்து நிற்க வைப்பதற்கு ‘கிளாஸ் ஏ’ என்று பெயர். சுகமான ஏற்பாடு. ஆனால் பாட்டு இல்லாதபோதும் மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும். வாங்குகிற மின்சாரத்தில் பெரும்பகுதி உஷ்ணமாகப் போய்விடும்.

வால்வு விஷயம் இன்னும் ருசிகரமானது. நம் காதுக்கு ஏற்கனவே பழக்கமான சங்கதி ஒன்று அதில் இருக்கிறது. தம்புராவின் குதிரைமேல் தந்திக்கு அடியில் ஒரு நூல் இழையை வைக்கிறார்களே, அதை எடுத்துவிட்டு மீட்டிப் பாருங்கள். சுருதி சரியாகத்தான் இருக்கும். ஆனால் செத்த சுருதி. நூலை வைத்ததும் தந்தி குதிரையோடு உரசி, அடிப்படை ஸ்வரத்தின் மேல் இரண்டாவது, மூன்றாவது, ஐந்தாவது மடங்குகளை எல்லாம் எழுப்புகிறது. இரண்டாவது மடங்கு மேல் ஸட்ஜம். மூன்றாவது, அதற்கும் மேலே பஞ்சமம். ஐந்தாவது, அந்தர காந்தாரம். நல்ல தம்புராவின் மந்தரத் தந்தியில் யாரும் மீட்டாத காந்தாரம் தானே கேட்பது இதனால்தான். எல்லாம் உறவுக்காரர்கள். ஏழாவது மடங்கிலிருந்துதான் தகராறு. அது கைசிகி நிஷாதத்துக்குச் சற்றுத் தாழ்வாக, எந்த ஸ்வரஸ்தானத்திலும் ஒட்டாமல் நிற்கிறது.

ஒற்றை வால்வை வைத்துச் செய்கிற ஆம்பிளிபயர் அலையைக் கோணலாக்கும்போது பெரும்பாலும் இரண்டாவது மடங்கைச் சேர்க்கிறது. அதாவது ஒவ்வொரு ஸ்வரத்தோடும் அதன் மேல் ஸ்தாயியை லேசாகக் கலந்து கொடுக்கிறது. டிரான்ஸிஸ்டர் தோள் மாற்றுகிற தடுக்கலோ ஏழு, ஒன்பது என்று உறவில்லாதவர்களை அழைத்துவருகிறது. அளவுகோலில் முன்னது பத்து மடங்கு அதிகக் கோணலாக இருக்கலாம். காதுக்கு அதுதான் இனிக்கும். 1930களில் அமெரிக்க சினிமாக் கொட்டகைகளுக்காக வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் செய்த 300பி என்ற வால்வை ஜப்பானிய ரஸிகர்கள் தேடிப் பிடித்து, எட்டு வாட்டுக்கு வீட்டு ஆம்பிளிபயர்கள் கட்டிக்கொண்டது இந்த இனிப்புக்காகத்தான். ஹிரோயாசு கோண்டோ என்ற ஜப்பானியர் டிரான்ஸ்பார்மருக்கு வெள்ளிக் கம்பி சுற்றிச் செய்த ஒற்றை வால்வு ஆம்பிளிபயர் ஒன்று ரஸிகர்களிடையே காவியப் புகழ் பெற்றது. அதற்கு அவர் வைத்த பெயர் ‘ஓங்காகு’. ஜப்பானிய மொழியில் சங்கீதம் என்று அர்த்தம். வாக்கராக இருந்தால், சங்கீதம் இசைத்தட்டில் அல்லவா இருக்கிறது என்று கேட்டிருப்பார்.

நானும் அதைத்தான் கேட்கிறேன். தம்புராவில் நூலை வைத்தவர் வித்வான். எந்த இடத்தில், எவ்வளவு என்று அவர் காது தீர்மானித்தது. ஆம்பிளிபயரில் இருக்கிற நூலை யார் வைத்தது? அது புல்லாங்குழலுக்கும் இனிப்பு தடவும், பறைக்கும் தடவும். ஒரு குரல், ஒரு வாத்தியம் என்றால் கேட்க ரம்யமாக இருக்கும். ஐம்பது வாத்தியங்கள் சேர்ந்தால் ஒவ்வொரு ஜோடி ஸ்வரத்துக்கும் கூட்டுத்தொகையிலும் வித்தியாசத்திலும் பிறக்கிற புதிய ஸ்வரங்கள் குறுக்கும் நெடுக்கும் ஓடிச் சபை கலங்கிவிடும். கான்ஸ்டன்ஸ் கார்னெட் அம்மையார் ருஷ்ய இலக்கியத்தில் எழுபது புத்தகங்கள் வரையில் ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். நாம் எல்லோரும் அவருக்குக் கடன்பட்டவர்கள். ஆனாலும் டால்ஸ்டாயும் டாஸ்டாவ்ஸ்கியும் அவர் கையில் ஒரே குரலில் பேசுகிறார்கள் என்ற குறை வெகு காலமாகச் சொல்லப்பட்டு வருகிறது. வால்வு இனிமையை நான் வெறுக்கவில்லை. அது கார்னெட் அம்மையாரின் இனிமை என்பதை மறந்துவிடக் கூடாது என்கிறேன்.

ஆக, குரல் உள்ள ஆம்பிளிபயர்கள் உண்டு. ஆனால் அந்தக் குரல் மந்திரம் அல்ல. 1985ல் அமெரிக்காவில் பாப் கார்வர் என்ற இன்ஜினீயர் ஒரு சவால் விட்டார். நீங்கள் மெச்சுகிற எந்த ஆம்பிளிபயரை வேண்டுமானாலும் கொடுங்கள், என் மலிவான டிரான்ஸிஸ்டர் ஆம்பிளிபயரை அதேபோலப் பாட வைக்கிறேன் என்றார். ‘ஸ்டீரியோபைல்’ பத்திரிகைக்காரர்கள் விலை உயர்ந்த வால்வு ஆம்பிளிபயர் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்கள். அவர் இரண்டின் வெளியீட்டையும் கழித்து, மிச்சத்தைக் கேட்டு, அந்த மிச்சம் அடங்குகிற வரையில் தம் பெட்டியை மாற்றிக்கொண்டே போனார். சில நாட்களில் பத்திரிகைக்காரர்களால் எது எது என்று சொல்ல முடியவில்லை, கௌரவமாக ஒப்புக்கொண்டார்கள்.

திரை போட்டுச் செய்த சோதனைகள் இன்னும் கடுமையானவை. வாக்கரின் மூன்று தலைமுறை ஆம்பிளிபயர்களையும் – வால்வு, 303, 405 – சப்த அளவைச் சமன் செய்து, சக்திக்கு மீறாமல் ஓட்டி, பெயர் தெரியாமல் கேட்க வைத்த ஜேம்ஸ் மோயரின் சோதனை 1978ல் பிரசுரமாயிற்று. பிரித்துச் சொல்ல யாராலும் முடியவில்லை. 1987 ஜனவரியில் ‘ஸ்டீரியோ ரிவ்யூ’ பத்திரிகை 220 டாலர் ரிஸீவரிலிருந்து 12,000 டாலர் வால்வு ஜோடி வரையில் வைத்து நடத்திய சோதனையிலும் பூவா தலையா போட்டால் கிடைக்கிற மதிப்பெண்ணுக்கு மேல் தேறவில்லை.

இதைப் படித்தபோது எனக்கு ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ் ஞாபகம் வந்தது. கேம்பிரிட்ஜ் மாணவர்களுக்கு அவர் ஆசிரியர் பெயரை மறைத்துக் கவிதைகளைக் கொடுத்து அபிப்பிராயம் எழுதச் சொன்னார். 1929ல் அவை புத்தகமாக வந்தன. பெயர் பெற்றவர்களை மாணவர்கள் கிழித்திருந்தார்கள். சாதாரணக் கவிதைகளைத் தூக்கி வைத்திருந்தார்கள். அதற்காக ரிச்சர்ட்ஸ், எல்லாக் கவிதையும் ஒன்றுதான் என்று முடிவு கட்டவில்லை. படிக்கிற பழக்கம் கெட்டுப்போயிருக்கிறது என்றார். ஆம்பிளிபயர்க்காரர்களும் இதையே சொல்லித் தப்பிக்கப் பார்க்கிறார்கள்: திரைக்கு முன்னால் பரீட்சை எழுதுகிறவன் மாதிரி உட்கார்ந்தால் ரஸனை மரத்துப்போகிறது, மாதக்கணக்கில் கேட்டால்தான் தெரியும் என்கிறார்கள். மெல்லத் தெரிகிற வித்தியாசத்தைப் பற்றி இந்த வாதத்தை நான் ஏற்கத் தயார். ஆனால் இவர்கள் எழுதுவது மெல்லத் தெரிகிற வித்தியாசத்தைப் பற்றி அல்ல. ‘முதல் ஸ்வரத்திலேயே ஜன்னலைத் திறந்தாற்போல் இருந்தது’ என்கிறார்கள். முதல் ஸ்வரத்தில் திறந்த ஜன்னல், திரை போட்டதும் எப்படி மூடிக்கொள்ளும்?

கேலிக்கு இது நல்ல விஷயம்தான். ஆனால் ஒரு உரிச்சொல்லை நம்பி ஒருவர் தம் கிராஜுவிட்டிப் பணத்தைக் கொடுத்துவிடுகிறார் என்கிறபோது கேலி செய்யத் தோன்றவில்லை. என் நண்பர் ஒருவர், மின்சார இன்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்றவர், சென்ற கோடையில் அந்த நிலையில் இருந்தார். அவரிடம் க்வாட் இரண்டாவது மாடல் ஜோடி ஒன்று பல வருஷங்களாக ஓடிக்கொண்டிருக்கிறது. அதைத் தள்ளிவிட்டு ‘கிளாஸ் ஏ’ ராட்சஸன் ஒன்றை வாங்குவதாக இருந்தார். இரண்டு பேர் தூக்கி வந்து, ஒரு வாரம் வைத்துப் பாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். கம்பெனியின் பெயர் வேண்டாம். அதைப் பற்றி ஒரு விமரிசகர், மிக மெல்லிய சங்கீதத்தில்தான் அதன் மேதை வெளிப்படுகிறது, மௌனத்துக்கு ஒரு மென்மயிர் உண்டு என்பதை முதல் தடவையாக உணர்ந்தேன் என்று எழுதியிருந்தார்.

“நீங்க வந்து ஒரு தடவை கேட்டுச் சொல்லுங்க, ஸார். என் காதை நானே நம்புறதில்லை” என்றார் நண்பர்.

அவரே வோல்ட் மீட்டரை வைத்து இரண்டின் சப்தத்தையும் சமன் செய்தார். இது முக்கியம், அரை டெஸிபல் தூக்கிக் கொடுத்தால்கூட, சப்தம் கூடிற்று என்று காது சொல்லாது, அழகு கூடிற்று என்றே சொல்லும். அவருடைய மகள் அலமாரிக்குப் பின்னால் நின்று இணைப்பை மாற்றிக்கொண்டிருந்தாள். எது ஓடுகிறது என்று எங்களுக்குத் தெரியாது. கேட்டது, 1952ல் வியன்னாவில் புரூனோ வால்ட்டர் நடத்த, காத்லீன் பெரியரும் ஜூலியஸ் பாட்ஸாக்கும் பாடிய மாலரின் ‘பூமியின் பாட்டு’. பழைய மோனோ பதிவு. பெரியர் மறு வருஷமே இறந்துபோனார். கடைசிப் பாட்டின் முடிவில் அவர் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப, ஒவ்வொரு தடவையும் முன்னைவிட மெலிவாகச் சொல்லிக்கொண்டே போய், எங்கே நிறுத்தினார் என்று தெரியாமல் நிறுத்துகிறார். மென்மயிர் இருந்தால் அங்கேதான் இருக்க வேண்டும்.

நாலு தடவை கேட்டோம். பெரியர் நாலு தடவையும் பெரியராகவே இருந்தார். நானும் நண்பரும் எழுதி வைத்த விடைகள் ஒன்றுக்கொன்று ஒத்தும் போகவில்லை, உண்மையோடும் ஒத்துப்போகவில்லை.

முதல் பாட்டு வேறு கதை. கொம்பு வாத்தியங்கள் பாய்ந்து வர, முழு வாத்திய கோஷ்டியையும் எதிர்த்துப் பாட்ஸாக் உச்ச ஸ்தாயியில் கத்திப் பாட வேண்டிய பாட்டு. சபையில் கேட்கிற அளவுக்குச் சப்தத்தை உயர்த்தியதும் ஒன்று தெளிவாக நெரிந்தது. மகள் சொல்லுவதற்கு முன்னாலேயே அது 15 வாட் என்று தெரிந்துவிட்டது. இதில் மர்மம் ஒன்றும் இல்லை. சாதாரணமாகக் கேட்க ஒரு வாட் போதும். ஆனால் சப்தம் காதுக்கு இரட்டித்தாற்போல் தோன்ற ஏறத்தாழப் பத்து மடங்கு சக்தி வேண்டும். இன்னொரு தடவை இரட்டிக்க நூறு மடங்கு. பதினைந்து வாட்டில் அது எட்டாது. அலையின் தலை வெட்டுப்படும். பெரிய ஆம்பிளிபயர் அந்த இடத்தில் அலட்சியமாக நின்றது. அதாவது அந்த யந்திரத்தின் மேதை விமரிசகர் சொன்ன இடத்துக்கு நேர் எதிர்ப்பக்கத்தில் இருந்தது. அவர் இரண்டு மூன்று உரம் வாய்ந்த பாட்டுகளைப் போட்டுக் கேட்டு, ‘பெரிய சப்தத்திலும் நெரியவில்லை’ என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும். அந்த ஒரு வரி உண்மையாக இருந்திருக்கும். ஆனால் மாதா மாதம் எட்டுப் பக்கம் நிரப்ப வேண்டியவருக்கு ஒரு வரி எப்படிப் போதும்? நம்மிலும் நாவலின் கதை எப்படிப் போகிறது என்று சொல்லத் தெரியாமல், ‘ஆன்ம தரிசனம்’ என்று எழுதிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

நண்பர் இருப்பது அடுக்கு மாடி வீட்டில். பக்கத்து வீட்டில் பரீட்சைக்குப் படிக்கிற பையன். அந்த முதல் பாட்டை அந்தச் சப்தத்தில் அவர் வருஷத்துக்கு ஒரு தடவைகூடக் கேட்க முடியாது. இன்னொரு விஷயமும் இருந்தது. அந்த ராட்சஸன் ஒரு மணி நேரத்தில் அறையை அடுப்பங்கரை ஆக்கிவிட்டான். சென்னையில் மே மாதம். குளிர்சாதனத்தைப் போட்டோம். அது முனகிய முனகலில் பெரியரின் கடைசி மூன்று சொற்கள் எங்களுக்குக் கேட்கவே இல்லை.

“இதை விமரிசனத்துல ஏன் எழுதலை, ஸார்?” என்றார் நண்பர், முகத்தைத் துடைத்துக்கொண்டே.

“அவர் ஊர் குளிர்ப் பிரதேசமாக இருக்கும்” என்றேன்.